ஹெரால்டுக்கு என்ன டயர்? கால்குலேட்டர் சொல்லாத கணக்கு

எங்க ஊர்ப் பக்கம் டயர்னு சொன்னா ஆள் உயர டயர்தான் ஞாபகத்துக்கு வரும். திருநெல்வேலியில் இருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையை ஒட்டி, கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக்குள் ஏடிசி டயர்ஸ் ஆலை இருக்கிறது. டிராக்டர், மரம் இழுக்கும் வண்டி, மண் அள்ளும் எந்திரம் என்று ரோட்டுக்கு வெளியே வேலை செய்யும் வண்டிகளுக்கான டயர்கள் இங்கே தயாராகி வெளிநாடுகளுக்குப் போகின்றன. இந்த ஆலை சேர்ந்திருந்த அலையன்ஸ் குழுமத்தை 2016-ல் ஜப்பானின் யோகோஹாமா வாங்கியது.

அந்த ஆலையில் வருகிற ஒரு டயர்கூட நான் இப்போ பேசப்போகும் காருக்கு உட்காராது. பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவரிடம் அப்பா காலத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. "நாலு டயரும் வெடிப்பு விட்டுப் போச்சு. என்ன சைஸ் வாங்கட்டும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களை வரிசையாகப் படித்தேன். அந்தப் பதில்கள் மேல் எனக்கு இருக்கும் விமர்சனம்தான் இந்தக் குறிப்பு.

ஹெரால்ட் குடும்பக் கார் ஆச்சே, இதில் ஸ்போர்ட்ஸ் கார் எங்கே வந்தது என்று கேட்கலாம். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் வந்தது. 1961-ல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதையே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரிக்க ஆரம்பித்தது. அதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உடம்பை வரைந்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. பின் சஸ்பென்ஷன் அடிப்படையும் ஒன்று, ஆரம்பகால டயர் சைஸும் ஒன்று: 5.20-13. ஆகவே ஸ்பிட்ஃபயர்காரர்கள் ஐம்பது அறுபது வருஷமாகப் போடும் டயர் சண்டை முழுக்க நம்ம மெட்ராஸ் ஹெரால்டுக்கும் பொருந்தும்.

முதலில் அந்த எண்ணைப் படிப்போம். 5.20 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். 13 என்பது ரிம்மின் விட்டம். இன்றைய டயரில் 145/80 ஆர் 13 என்று மூன்று எண் இருக்கும். நடுவில் உள்ள 80 என்பது, அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. பழைய சைஸில் அந்த எண்ணே கிடையாது. காரணம் எளிது: அந்தக் காலத்துக் கிராஸ்பிளை டயர்களில் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட சமம். எல்லா டயரும் ஒரே மாதிரி இருந்ததால் யாரும் அதைத் தனியாக எழுதவில்லை.

இங்கேதான் டயர் கால்குலேட்டர்கள் முதல் அடி வாங்குகின்றன. அவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே விதிதான்: பழைய டயரின் மொத்த விட்டமும் புதியதின் விட்டமும் 3 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். விதி தப்பில்லை. ஆனால் கால்குலேட்டர் அந்த நடு எண்ணைக் கேட்கும். 5.20 அங்குலம் என்றால் 132 மில்லிமீட்டர். பழசுதானே என்று 80 போட்டால் விட்டம் 541 மில்லிமீட்டர் என்று வரும். அதற்குப் பக்கத்தில் 165/65 ஆர் 13 வந்து நிற்கும், 545 மில்லிமீட்டர். "கச்சிதமான ஜோடி" என்று பச்சை விளக்கு எரியும். ஆனால் உண்மையான 5.20-13 டயர் சுமார் 580 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. தொடங்கிய எண்ணே தப்பு என்றால் கணக்கு எத்தனை சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

விட்டத்தில் என்ன பெரிய வம்பு என்று நினைத்தால், ஒரு டிராக்டர்காரரிடம் கேளுங்க. நாலு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சில சதவீதம் முந்தி உருளும்படி கியர் வைத்திருப்பார்கள். பின்டயரை மட்டும் வேறு சைஸுக்கு மாற்றினால் அந்தக் கணக்கு குலைந்து, டயரும் தேயும், கியர் பெட்டியும் அடி வாங்கும். காரில் அவ்வளவு கடுமை இல்லை என்றாலும், விட்டம் குறைந்தால் மீட்டர் பொய் சொல்லும், எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், அடிவயிறு தரைக்கு இறங்கும். 13 அங்குலத்தில் சுலபமாகக் கிடைக்கும் 155/65 ஆர் 13 டயரை எடுத்துக்குவோம். விட்டம் சுமார் 532. மீட்டரில் 60 காட்டும்போது கார் போவது 55-தான். கடைக்காரர் "பதிமூணுதானே அண்ணாச்சி, உக்காந்துரும்" என்பார். உட்காரும். உட்காருவதும் பொருந்துவதும் ஒன்றல்ல.

இரண்டாவது விமர்சனம் இன்னும் முக்கியம். சரி, உண்மையான 580-ஐயே கால்குலேட்டரில் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது 175/70 ஆர் 13 என்று சொல்லும், விட்டம் 575. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. பார்க்கவும் கார் நல்லா உக்காந்த மாதிரி கம்பீரமாக இருக்கும். ஆனால் ஹெரால்டின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம். 175/70 டயருக்குக் குறைந்தபட்சம் நாலரை அங்குல ரிம் வேண்டும். 155/80-க்கு நாலு அங்குலம். மூன்றரை ரிம்மில் ஏற அனுமதி உள்ளது 145/80 மட்டும்தான். ஒடுக்கமான ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச்சுவர் பலூன் மாதிரி வெளியே பிதுங்கும். வளைவில் டயர் ஒரு பக்கம், ரிம் ஒரு பக்கம் என்று ஆடும். கால்குலேட்டர் ரிம் அகலத்தைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

ரிம்மையும் அகலமாக மாற்றினால் போச்சு என்பது அடுத்த ஆலோசனை. அங்கேதான் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டதாக ஆகிறது.

ஹெரால்டின் பின் சஸ்பென்ஷனை ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். பின் ஆக்ஸில் இரண்டு துண்டாக நடுவில் முட்டு வைத்து ஆடும். குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங். மேடு பள்ளத்தில் இது சுகம். வளைவில் வேகமாகப் போய், பயந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் தூக்கும். தூக்கினால் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். மடங்கினால் இன்னும் தூக்கும். இதில் டயரின் பிடி எவ்வளவு கூடுதலோ, தூக்கும் விசையும் அவ்வளவு கூடுதல். பிடி குறைந்த பழைய டயர் இந்த இடத்தில் வழுக்கிக் காப்பாற்றிவிடும். அகலமான நல்ல டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு காரைத் தூக்கும். பாதுகாப்புக்கு என்று வாங்கிய டயரே வில்லன் ஆவது இப்படித்தான்.

இது டிரையம்ப்புக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. அமெரிக்காவில் 1960 மாடலாக வந்த ஷெவ்ரலே கார்வேர் காரிலும் ஸ்விங் ஆக்ஸில். அதைச் சமாளிக்க நிறுவனம் சொன்ன வழி, முன் டயரில் 15, பின் டயரில் 26 பவுண்டு காற்று என்பது. பெட்ரோல் பங்கில் யார் அதை ஞாபகம் வைத்திருப்பார்? ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் கார்தான். நம்ம மெட்ராஸ் கம்பெனியும் 1972-ல் கெஸல் காரைக் கொண்டுவந்தபோது ஸ்விங் ஆக்ஸிலைக் கைவிட்டு, சாதாரண முழு ஆக்ஸிலுக்கு மாறியது. ஆகவே, டயரைத் தனிப் பாகமாகப் பார்க்கிற ஆலோசனை எதுவும் இந்தக் காருக்கு உதவாது. இங்கே டயரின் அகலமும் காற்றழுத்தமும் சஸ்பென்ஷனின் ஒரு பகுதி.

எதிர்த்தரப்பில் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "ஒரிஜினல் 5.20-13 கிராஸ்பிளைதான் போடணும், மற்றதெல்லாம் பாவம்" என்பார்கள். மெதுவாக வழுக்கும் டயர் இந்தச் சஸ்பென்ஷனுக்கு இதம் என்ற அளவில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் டிரையம்ப் நிறுவனமே ஸ்பிட்ஃபயருக்குப் பிறகு 145 ரேடியலையும், 1500 மாடலில் அகல ரிம்மோடு 155 ரேடியலையும் கொடுத்தது. அந்த மாற்றத்துக்கு முன்பே ஸ்விங் ஆக்ஸிலின் ஸ்பிரிங்கையும் திருத்திவிட்டது. செய்தவனே மாற்றியதை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவன் டயரை மட்டும் மாற்றவில்லை என்பதைக் கவனிக்கணும்.

நான் நண்பருக்குச் சொன்ன பதில் 145/80 ஆர் 13. இப்போதைய ஆல்ட்டோ கே10 காருக்கு வரும் அதே சைஸ்தான், எந்த ஊரிலும் கிடைக்கும். விட்டம் சுமார் 562, மூன்று சதவீதம் குறைவு. மீட்டரில் 60 என்றால் நிஜத்தில் 58. எடைக் குறியீடு 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். காரோ சுமார் 800 கிலோ. மூன்றரை ரிம்மில் முறையாக உட்காரும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் ஹெரால்டின் புகழ்பெற்ற வளைவும் கெடாது. அகல டயர் போட்டால் முழுக்க ஒடிக்கும்போது உரச வாய்ப்புண்டு, பவர் இல்லாத ஸ்டியரிங்கும் கனக்கும்.

கூடவே நாலு விஷயம். நாலு டயரையும் ஒன்றாக மாற்றணும்; முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று கலந்தால் பின்பக்கம் முதலில் வழுக்கும். அறுபது வருஷ ரிம்மில் துருவும் நெளிவும் இருக்கும் என்பதால் சரியான அளவு டியூப் போட்டுக்கொள்வது நிம்மதி. கையேட்டில் உள்ளபடி முன் டயரில் பின் டயரைவிடக் குறைவாகக் காற்று இருக்கணும். பங்கில் நாலுக்கும் ஒரே அளவு அடிக்க விடக்கூடாது. கடைசியாக, பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பழைய கார் வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடும். பட்டன் தேயாது, ஆனால் நம்ம ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்துவிடும்.

"ஆல்ட்டோ டயரா?" என்று நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பார்வைக்கு ஒல்லியாகத்தான் இருக்கும். அந்த ஒல்லிக்கு ஏற்றபடிதான் மெட்ராஸில் அந்தக் காரைச் செய்தார்கள்.