அரக்கு கழிச்சு எவ்வளவு?

என் அப்பத்தாவின் பாம்படத்தை விற்கப் போனபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விருதுநகர் பஜாரில் ஒரு சின்ன நகைக்கடை. அப்பா துணிப்பையிலிருந்து ஜோடியை எடுத்து மேசையில் வைத்தார். கடைக்காரர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். தராசில் வைத்தார். பிறகு சொன்னார்: “அரக்கு கழிச்சுத்தான் கணக்கு அண்ணாச்சி. உள்ள பூரா அரக்கு.”

அப்பா தலையாட்டினார். கடைக்காரர் கத்தரியால் ஓரத்தை வெட்ட, வாழைப்பூ மடல் மாதிரி தங்கத் தகடு உரிந்து வந்தது. உள்ளே கருப்பாக, கெட்டியாக அரக்கு. தகடெல்லாம் ஒரு தட்டில், அரக்கெல்லாம் மேசை ஓரத்தில். அறுபது வருஷத்துக்கு மேல் அப்பத்தாவின் காதில் ஆடியது, ஐந்து நிமிஷத்தில் இரண்டு குவியலாகிவிட்டது. அந்தப் பணத்தில்தான் எனக்கு செமஸ்டர் பீஸ் கட்டினோம். ஆகவே கடைக்காரர் மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. அரக்கு கழிச்சு எவ்வளவு? யோசித்துப் பார்த்தால், நகையைப் பற்றி நம்மிடம் இருக்கும் விமர்சன மரபு மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு நாளுக்கு நூறு எழுதுகிறோம். கோயில் சிற்பத்தைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. உடம்பிலேயே கிடக்கிற நகையைப் பற்றிப் பேச்சு வந்தால், பவுன் என்ன விலை, செய்கூலி எத்தனை, சேதாரம் எத்தனை என்பதோடு முடிந்துவிடுகிறது. ‘டிசைன் நல்லாருக்கு’ என்பதுதான் அதிகபட்ச அழகியல்.

*

பாம்படத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரைக்குத் தெற்கே, விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் வயதான பெண்களின் காதில் தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும் நகை. தண்டட்டி அதற்குச் சொந்தக்காரி. பசுபதியும் ரோகிணியும் நடித்து 2023இல் வந்த ‘தண்டட்டி’ படத்தில், இறந்துபோன கிழவியின் தண்டட்டி காணாமல் போவதுதான் கதையே. அந்தப் படத்திலும் எல்லோரும் தேடுவது தங்கத்தை. நகை எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் பிரச்சினையாக இல்லை.

ஆனால் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பாம்பின் படம் என்றுதான் பெயர். உள்ளே பாம்பைத் தேடினால் கிடைக்காது. பூ கிடையாது, மயில் கிடையாது, லட்சுமி கிடையாது. தமிழ்நாட்டு நகை என்றதும் கண்ணில் வரும் மாங்காய், அன்னம், யாளி எதுவும் கிடையாது. சதுரம், உருண்டை, முக்கோணம், தட்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கன வடிவங்கள். கோயில் நகை கதை சொல்லும். பாம்படம் வாயே திறக்காது. தேதியை மறைத்துவிட்டு ஒரு டிசைன் பள்ளி மாணவரிடம் காட்டினால், 1920களின் ஐரோப்பிய நவீனக் கலைஞர் யாரோ செய்தது என்று சத்தியமே பண்ணிவிடுவார். லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இதைத் தன் சேகரிப்பில் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

*

இந்தச் சந்தேகம் எனக்குள் வலுத்தது ஒரு ஸ்டார் வார்ஸ் படத்தால். 1977இல் வந்த முதல் படத்தின் கடைசிக் காட்சியில் இளவரசி லேயா கழுத்தில் கனமான வெள்ளி மாலை ஒன்று கிடக்கும். வேற்றுக்கிரகத்து நிலப்பரப்பை வார்த்து எடுத்த மாதிரி இருக்கும். அது படத்துக்காகச் செய்தது கிடையாது. பின்லாந்தின் பியோர்ன் வெக்ஸ்ட்ரோம், லப்போனியா நிறுவனத்துக்காக 1969இல் உருவாக்கிய ‘கோள்களின் பள்ளத்தாக்குகள்’ என்ற நகை. அதுவரை மினுங்க மினுங்கத் தேய்ப்பதுதான் நகை வேலை என்றிருந்த இடத்தில், வார்ப்பின் சொரசொரப்பை அப்படியே விட்டவர் அவர். பனி உருகின பாறை மாதிரியான வெள்ளி.

பால்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் எஸ்தோனியா. அங்கே கத்ரி மால்க். தாலின் நகரத்து கலைக் கழகத்தில் நகைக் கலைப் பேராசிரியராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கியவர், 2023இல் இறந்துபோனார். வெக்ஸ்ட்ரோமின் உலகம் பனி வெளிச்சம் என்றால் இவருடையது அமாவாசை. வெள்ளியைக் கருக்குவார். மரம் மக்கி இறுகிக் கல்லான ‘ஜெட்’ என்ற கருப்புப் பொருளில் புரோச் செய்வார். அவர் நகைகளின் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு அழகாகத் தோன்றவில்லை, துக்கமாகத் தோன்றின. ஒரு நகை துக்கத்தைச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நம்மூரில் துக்க வீட்டில் நகையைக் கழற்றித்தானே வைப்போம்?

இவர்களும் இவர்களைப் போன்ற ஐரோப்பியக் கலைஞர்களும் எழுப்பிய கேள்வி ஒன்றுதான்: நகையின் மதிப்பு உலோகத்தின் விலையில் இருக்கிறதா, செய்த கையில் இருக்கிறதா? சுவிட்சர்லாந்தின் ஓட்டோ கூன்ஸ்லி 1980இல் இதை முகத்தில் அடித்த மாதிரி கேட்டார். கருப்பு ரப்பர் குழாயை வளைத்து ஒரு காப்பு. உள்ளே ஒரு தங்க உருண்டை. வெளியே தெரிவதெல்லாம் ரப்பரின் புடைப்பு மட்டும். பெயர்: ‘தங்கம் கண்ணை மறைக்கும்’.

இதைப் படித்த அன்று எனக்கு பஜார் மேசைதான் ஞாபகம் வந்தது. கூன்ஸ்லி கருப்புக்குள் தங்கத்தை ஒளித்தார். எங்கள் ஆசாரி தங்கத்துக்குள் கருப்பை ஒளித்திருந்தார். இருக்கிற கொஞ்சத் தங்கத்தை மெல்லிய தகடாக அடித்து, அரக்கின் மேல் தோலாகப் போர்த்தி, பெரிய வடிவமாக நிமிர்த்தினார். எடைதான் முக்கியம் என்றால் கட்டியாக ஒரு வளையம் வார்த்துக் கொடுத்திருக்கலாமே! வடிவம் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பெண்ணும் அதைக் கட்டத் தெரிந்த ஓர் ஆசாரியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அந்த அரக்குதான் பாம்படத்தின் கலை. அதைத்தான் நாம் கழித்துவிடுகிறோம்.

*

இங்கே நிறுத்திவிட்டு, ‘பாருங்கள், எங்கள் பாட்டிகள் அப்போதே மாடர்ன்’ என்று கைதட்டி முடிக்கலாம். முகநூலில் நன்றாகப் போகும். ஆனால் அது பொய்யாகிவிடும்.

முதல் காரணம், காது. பாம்படம் போட வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு காதைச் செய்ய வேண்டும். சின்னப் பிள்ளையிலேயே துளையிட்டு, பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் வைத்து, பிறகு ஈயக் குணுக்கு தொங்கவிட்டு, சதையை இழுத்து இழுத்து வளர்த்தார்கள். சீழ் பிடித்த கதையை அப்பத்தா சிரித்துக்கொண்டேதான் சொல்லும். “வலிச்சா என்ன தாயி, எல்லாத்துக்குந்தான் வலிச்சுது.” புரோச்சை ஸ்வெட்டரில் குத்தலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். அப்பத்தாவுக்கு அந்தத் தேர்வு இருந்ததில்லை. பிறகு காலம் மாறியபோது எத்தனையோ பெண்கள் வளர்த்த காதை வெட்டித் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். அதை நான் இழப்பு என்று எழுதமாட்டேன். என் காதை யாரும் இழுக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான்.

இரண்டாவது காரணம், அடகு. நிலம் ஆண்கள் பெயரில் இருந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு முழுதாகச் சொந்தமான சொத்து அவள் காதில் தொங்கியதுதான். மழை பொய்த்தால், பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலை இல்லாமல் போனால், அதைக் கழற்றி அடுப்பு எரிய வைக்கலாம். மால்க்கின் கருப்பு புரோச்சை எங்கள் பஜாரில் யாரும் அடகு பிடிக்கமாட்டார்கள். எடை முக்கியமில்லை என்று சொல்வதற்கு முதலில் வயிறு நிரம்பியிருக்க வேண்டும். நவீன நகைக் கலையின் மேல் எனக்குள்ள தீராத சந்தேகம் இதுதான்.

அப்படியானால் அவர்களிடம் கற்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அவர்கள் வடிவத்தைப் பதிந்து வைத்தார்கள், செய்தவர் பெயரை எழுதி வைத்தார்கள். 1937இல் பின்லாந்துப் பெண்கள் சிலர், எழுத்தாளர் எல்சா ஹெபொராவுதாவின் யோசனையில், தங்கள் நாட்டு மண்ணில் அகழ்ந்தெடுத்த பழைய நகைகளை அச்சு அசலாகத் திரும்பச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அது கலேவலா கொரு என்ற நிறுவனமாக இன்றும் நடக்கிறது. அசல் மியூசியத்தில், வடிவம் தெருவில். தென்கிழக்கு எஸ்தோனியாவின் சேதோ பெண்கள், மார்பை மறைக்கிற கூம்பு வடிவ வெள்ளிப் பதக்கத்தை இன்றும் திருவிழாவுக்கு அணிகிறார்கள்.

இங்கே நடந்தது வேறு. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்றார்கள். பட்டறைகள் மூடின, நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பு இழந்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. சட்டம் 1990இல் ஒரேயடியாகப் போவதற்குள் ஒரு தலைமுறைக் கை வேறு வேலைக்குப் போய்விட்டது. பிறகு மெஷின் கட்டிங் வந்தது. அப்பத்தாவின் பாம்படத்தைச் செய்த ஆசாரியின் பெயர் யாருக்கும் தெரியாது. அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்திய மரபு நகைகளைப் பற்றிய பெரிய புத்தகங்களில் ஒன்றை எழுதிய ஓப்பி உன்ட்ராக்ட், பின்லாந்தின் போர்வோ என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். பிறப்பால் அமெரிக்கர், தானும் உலோக வேலைக்காரர். மனைவி சாரா ஹொபெயா பின்லாந்தின் முக்கியமான கண்ணாடி, நகை வடிவமைப்பாளர், பொற்கொல்லர் குடும்பத்துப் பெண். ஹொபெயா என்றால் பின்னிஷ் மொழியில் வெள்ளி என்று அர்த்தம். இருவரும் 1960களில் நேபாளத்திலும் இந்தியாவிலும் சில ஆண்டுகள் இருந்தார்கள். உன்ட்ராக்டின் புத்தகம் 1997இல் வந்தது. எந்த உலோகம், எப்படி அடித்தது, எப்படி ஊதிப் பற்றவைத்தது, உடம்பில் எங்கே போடுவது என்று பட்டறைக்காரனின் கண்ணோடு எழுதியிருக்கிறார். அரக்கைக் கழிக்காமல் பார்க்க போர்வோவிலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது.

*

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வடிவத்தைப் பார்க்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. விருதுநகர் மாவட்டத்தில் அதிகம் பேர் கைபடுகிற உலோகம் தங்கமா என்ன? அலுமினியப் பொடி. சாயங்காலம் ஆலை பஸ்ஸில் இருந்து இறங்குகிற அக்காக்களின் கையும் முழங்கையும் வெள்ளி பூசின மாதிரி மின்னும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்த அலுமினியம்தான் வானத்தில் வெள்ளை மழை. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம். நான்கு விநாடி நிற்கிற வடிவத்துக்காக உலோகத்தை எரிக்கிறோம். தலையைத் தூக்கி ‘ஏயப்பா!’ என்கிறோம். எரிந்தது எத்தனை கிராம் என்று யாரும் கேட்பதில்லை. வானத்தில் எடையைக் கேட்காத அதே ஊர்தான் காதில் வடிவத்தைக் கேட்பதில்லை. இரண்டிலும் செய்த கையைக் கேட்பதில்லை.

நகையை விற்காதீர்கள் என்று உபதேசம் பண்ண இதை எழுதவில்லை. விற்கத்தான் வேண்டியிருக்கும், விற்றுப் படித்தவள்தான் நான். ஆனால் உருக்கப் போகும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுக்கலாம். ஸ்கேல் வைத்து அளந்து எழுதலாம். அப்பத்தாவோ ஆச்சியோ உயிரோடு இருந்தால் யார் செய்தது, எந்த ஊர்ப் பட்டறை, ஏன் இந்த மாதிரி கேட்டாய் என்று விசாரிக்கலாம். விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்கும். இப்போதைக்கு நம்மிடம் இருப்பது ரசீது மட்டும்.

அன்று கடையை விட்டு இறங்கும்போது மேசை ஓரத்துக் குவியலில் இருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர், “அது எதுக்கு பாப்பா, குப்பை” என்றார். சதுரமாக, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கருப்பு. மேலே போர்த்தியிருந்த தகட்டின் மடிப்பு அதில் கோடாகப் பதிந்திருக்கிறது. மால்க்கின் கருப்பு நகைகளை முதலில் பார்த்த ராத்திரி, அதைத் தேடி எடுத்து மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன்.

கழித்தது என்னிடம் இருக்கிறது.