ஓரக் குறிப்பும் வேத வசனமும்

சென்னைப் புரசைவாக்கத்தில் 1813-ம் ஆண்டு ஏகத்துவக் கிறிஸ்தவருக்கென ஓர் ஆலயம் எழுந்தது. அதை நிறுவியவர் வெள்ளைக்காரரல்லர். திருவேங்கடம் என்று பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழரே. பிதா ஒருவரே கடவுள், திரித்துவத்துக்கு வேத ஆதாரமில்லை என்பது அவர் கட்சி.

அதை எடைபோட விரும்பும் நேயர்கள் முதலாம் யோவான் நிருபம் 5-ம் அதிகாரம் 7-ம் வசனத்தைப் பார்க்க. பரலோகத்துச் சாட்சிகள் மூவரும் ஒன்றே எனப் பழைய தமிழ் மொழிபெயர்ப்புப் பகர்கிறது. பழமையான கிரேக்க ஏடுகளிலோ இவ்வாக்கியமே இல்லை. இரேஸ்மஸ் 1516-லும் 1519-லும் இதை விலக்கினார்; கண்டனம் மிகவே 1522-ல் சேர்த்தார். லத்தீன் ஏட்டின் ஓரத்தில் எவரோ வரைந்த விளக்கம் உள்ளே புகுந்தது என்பர் ஆராய்ச்சியாளர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கிராணிக்கு இது வியப்பன்று; கணக்கேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தது அடுத்த பிரதியில் மையேறி உட்கார்ந்துவிடும்! 1995-ல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ இவ்வாக்கியத்தை வசனத்தினின்று நீக்கிற்று.

ஆயினும் ராபர்ட்ஸ் கட்சி முற்றும் வென்றதாகாது. மத்தேயு 28:19 மூவரையும் ஒரே நாமத்தில் நிறுத்துகிறது. யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனம் வார்த்தையைத் தேவனென்கிறது. அதே நூலின் 14-ம் அதிகாரத்தில் இயேசு, பிதா தம்மினும் பெரியவர் என்கிறார். முரண்போல் நிற்கும் இவற்றை இசைத்துக் கோட்பாடாக்கியவை 325-ல் நீசேயாவிலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்களே. எங்கள் ஜெபவீட்டில் இன்னும் பழைய மொழிபெயர்ப்பே வாசிக்கப்படுகிறது. அவ்வசனத்தின் அடியில் ஒரு சிறு குறிப்பாவது அச்சிடலாகாதா?