இல்லாத ஊரைத் தீட்டும் தூரிகை

திரையில் விரியும் மலையும் கோட்டையும் மெய்யாகவே எங்கோ நிற்பனவென்று நம்மை நம்பவைத்துவிட்டு, தன் இருப்பையே வெளிக்காட்டாமல் ஒதுங்கிக்கொள்ளும் மேட் பெயிண்டிங் என்னும் சினிமாப் பின்னணி ஓவியம், சித்திரக் கலைகளுள் மிகுந்த தியாக குணம் வாய்ந்ததென்றே நான் கருதுகிறேன். 1907-இல் நார்மன் டான் என்னும் சித்திரக்காரர், கலிபோர்னியாவில் சிதைந்துகிடந்த தேவாலயங்களின் கூரைகளைக் கண்ணாடியில் தீட்டி, அதைக் காமிராவுக்கு முன்னே நிறுத்திப் படம்பிடித்தார். பிற்காலத்தில் அக்கண்ணாடியின் ஸ்தானத்தைக் கணினித் திரை பிடித்துக்கொண்டது. 2015-இல் வந்த ‘பாகுபலி’யில், சாபு சிரில் அமைத்த அரங்குகளுக்கு அப்பாலும் மகிழ்மதி நகரம் நீண்டு கிடந்தது இந்த வம்சத்து வித்தையால்தான்.

ஆயினும் இதன் ஜீவன் மென்பொருளில் இல்லை. திட்டக்குடியில் மார்கழி மாதத்து விடியலில் வெள்ளாற்றங்கரையில் நின்று நோக்கினால், அருகே கன்னங்கரேலென்று நிற்கும் பனை, அக்கரைத் தோப்பில் சாம்பல் நிறமாகி, அதற்கும் அப்பால் விளிம்பழிந்து வெளிறிய நீலமாக வானத்தோடு கலந்துவிடுவதைக் காணலாம். தூரமென்பது உருவம் சிறுத்துப்போவது மட்டுமன்று, இடைப்பட்ட காற்று கருமையை உண்டுவிடுவதுமாகும் என்னும் சூட்சுமத்தை அறியாதவன் தீட்டிய மலை, எத்தனை நுணுக்கமாக அமைந்தாலும் நாடகப் படுதாவைப்போல் முன்னே வந்து நின்றுவிடும். வெளிச்சம் வரும் திசை பிசகினாலோ கோட்டையே பொய்யாகிப்போகும்.

இவ்வித்தையைப் பயில விரும்பும் நம் பக்கத்துப் பிள்ளைகள், கணினிப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், பென்சிலோடு சில காலைகள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரையட்டும்.