‘நோபிள்’ என்னும் சொல்லும் சான்றாண்மையும்

ஆங்கிலத்தில் ‘நோபிள்’ என்பது இன்று உயர்ந்த பண்பைக் குறிக்கும். அதன் மூலமான ‘நோபிலிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கோ ‘அறியப்பட்டவன்’ என்பதே முதற்பொருள். உரோமில் உயர்பதவி வகித்தோரின் வழித்தோன்றல்கள் அவ்வாறு அறியப்பட்டனர். நாளடைவில் உயர்குடிக்கும், பின்னர் அக்குடிக்கே உரியதெனக் கருதப்பட்ட குணத்துக்கும் அதுவே பெயராயிற்று.

1886இல் ஜி. யு. போப் தமது திருக்குறள் மொழிபெயர்ப்பில் அச்சொல்லின் வழிவந்த பெயரைக் ‘குடிமை’ அதிகாரத்துக்கே தலைப்பாக்கினார். ‘சான்றாண்மை’க்கு நிறைவைச் சுட்டும் வேறொரு சொல்லைத் தேர்ந்தார். இத்தேர்வு நுட்பமானது. ‘சால்’ என்னும் அடி நிறைதலைக் குறிப்பது. (சங்கச் செய்யுள்களிற் சான்றோன் வீரனுமாவான், அது தனியே ஆராயத்தக்கது.) சான்றாண்மையைத் தாங்குந் தூண்களென வள்ளுவர் கூறுவன அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்துமே, பிறப்பு அவற்றுள் இல்லை. ஆயினும், குடிமை அதிகாரத்தில் நற்பண்பை நற்குடிக்கு இயல்பானதாக்குபவரும் அவரே. இம்முரணை மழுப்பிச் செல்வது திறனாய்வாகாது.

யாழ்ப்பாணத்தில் இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. ‘நல்ல குடும்பத்து ஆக்கள்’ என்னும் வழக்கிற் குணம் எது, சாதி எது என்று பிரித்தறிதல் அரிது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைய முயன்றோரை வாயிலில் மறித்தவர்கள் கொண்ட அளவுகோல் பிறப்பொன்றே. அந்த ஐந்து தூண்களுள் ஒன்றேனும் அன்று எவரிடமும் வினவப்படவில்லை.