மூன்றாவது நண்பர்: ஸ்டார் டிரெக் புதிய படங்களில் தோழமை

ஈராண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில், 2009-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' திரைப்படத்தை என் மகளுடன் அமர்ந்து பார்த்தேன். பகை அழிந்தது, உலகம் பிழைத்தது, கர்க் தலைவனாக, ஸ்பாக் அவனுக்குத் துணைவனாக, எண்டர்பிரைஸ் என்னும் விண்கலம் புறப்பட்டது. "அப்பா, இவங்க ரெண்டு பேரும் எப்ப ஃப்ரெண்ட்ஸ் ஆனாங்க?" என்று அவள் கேட்டாள். விடை கூற வாய் திறந்தேன், கூற இயலவில்லை. படத்தின் பெரும்பகுதியும் அவ்விருவரும் ஒருவரையொருவர் வெறுத்தவாறே இருந்தனர். ஒருவன் மற்றவன் கழுத்தை நெரித்ததையும் கண்டோம். நண்பர் ஆன இடத்தை மட்டும் காணவில்லை. சிறுமியின் அவ்வினா என்னை விட்டு நீங்காததே இக்கட்டுரை பிறந்த காரணம்.

பழைய தொடரை அறியாத இளையோர்க்காகச் சிறிது கூற வேண்டும். ஜீன் ராடன்பெரி என்பார் உருவாக்கிய 'ஸ்டார் டிரெக்' 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்று பருவங்களில் 79 பகுதிகளாக 1969 வரை ஒளிபரப்பாயிற்று. 1980-களில் தூர்தர்ஷன் அதனை ஞாயிறு காலைகளில் நம் இல்லங்களுக்குக் கொண்டுவந்தது. அட்டையால் ஆன பாறைகளும், கலம் குலுங்கும்போது தாமாகவே நாற்காலியிலிருந்து சரிந்து விழும் நடிகர்களும் இன்று நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும் அத்தொடர் அறுபது ஆண்டுகளாக மக்கள் உள்ளத்தில் நிலைத்திருக்கிறது. அதன் விஞ்ஞானம் இதற்குக் காரணம் அன்று. கர்க், ஸ்பாக், மெக்காய் என்னும் மூவர் ஒரே கலத்தில் பணியாற்றினார்கள் என்பதே காரணம் என்பேன்.

ஸ்பாக் பாதி வல்கன் இனத்தவன், பாதி மனிதன். உணர்ச்சியை அடக்கி அறிவின்வழி நிற்பவன். டாக்டர் மெக்காய் கலத்தின் மருத்துவர்; எதற்கும் சினந்து, எவர் துன்பத்துக்கும் இரங்குபவர். ஸ்பாக் அறிவு, மெக்காய் இதயம், இடையில் நின்று முடிவெடுப்பவன் கர்க் என்று பலரும் எழுதிவிட்டனர். தவறில்லை, ஆனால் அது பாதி உண்மைதான். மெக்காய் வெறும் இதயமாக இருந்திருந்தால் மூன்றாம் வாரத்திலேயே சலிப்பூட்டியிருப்பார். பதவியைப் பொருட்படுத்தாமல் தலைவனின் அறைக்குள் நுழைந்து, "நீ செய்வது தவறு" என்று சொல்லத்தக்க ஒரே மனிதர் அவர். ஸ்பாக் கர்க்கிடம் சொல்வது ஆலோசனை. மெக்காய் சொல்வது இடித்துரை. நட்பின் இலக்கணத்தில் இடித்துரைத்தலுக்குத் தனி இடம் வைத்த மொழியினர் நாம். நமக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இம்மூவருள் மிக நுண்ணியது கர்க்கும் ஸ்பாக்கும் கொண்ட நட்பு அன்று; ஓயாமல் பூசலிடும் ஸ்பாக்கும் மெக்காயும் கொண்ட நட்பே. 1967-இல் வெளியான 'அமோக் டைம்' என்னும் பகுதியில் ஸ்பாக் தன் தாய்க்கோளுக்குத் திருமணச் சடங்கிற்காகச் செல்கிறான். மிக நெருங்கிய நண்பரை உடனழைத்துச் செல்வது அங்கு மரபு. கர்க்கை அழைக்கிறான், அது நாம் எதிர்பார்ப்பதே. பின்னர் மெக்காயையும் அழைக்கிறான். நாள்தோறும் தன்னை ஏளனம் செய்யும் மனிதரை! மருத்துவர் ஒரு கணம் திகைத்து, பெருமை கொண்டு இசைகிறார். அவ்வளவுதான் காட்சி, எவரும் நட்பைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவதில்லை.

1968-இல் வந்த 'தி தோலியன் வெப்' இதனினும் ஒருபடி மேல். கர்க் விண்வெளியில் மறைந்துவிடுகிறான், இறந்தானென்றே கருதுகின்றனர். ஸ்பாக்கும் மெக்காயும் கடுமையாக மோதிக்கொள்கின்றனர். தான் இறந்தால் கேட்க வேண்டுமென்று கர்க் பதிவு செய்து வைத்த இறுதிச் சொற்களை இருவரும் சேர்ந்து கேட்கின்றனர். மருத்துவரின் துணையை நாடுமாறு ஸ்பாக்குக்கும், ஸ்பாக்கின் தலைமையை மதிக்குமாறு மருத்துவருக்கும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. கதையின் முடிவில் கர்க் மீண்டு வந்து, "என் பதிவைக் கேட்டீர்களா?" என்கிறான். கேட்பதற்கு நேரமே வாய்க்கவில்லை என்று இருவரும் ஒருமுகமாய்ப் பொய் சொல்கிறார்கள். பொய்யே உரைக்காத இனத்தில் பிறந்தவன் மருத்துவரோடு சேர்ந்து உரைத்த அச்சிறு பொய்யில், இரண்டு மணி நேரப் படம் காட்ட இயலாத நட்பு அடங்கிக் கிடக்கிறது. டிஃபாரஸ்ட் கெல்லியின் பெயர் முதற்பருவத்தில் தொடக்க எழுத்துக்களில் இல்லை. இரண்டாம் பருவத்தில்தான் மற்ற இருவர் பெயரோடு சேர்ந்தது. பார்வையாளர் முன்பே கண்டுகொண்டதைத் தயாரித்தவர் பின்னர் கண்டுகொண்டனர் போலும்.

இனி புதிய படங்களுக்கு வருவோம். ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய 2009-ஆம் ஆண்டுப் படம், எதிர்காலத்திலிருந்து வந்த பகைவன் ஒருவனால் காலத்தின் போக்கே மாறிவிட்டதென்று கூறி, பழைய பாத்திரங்களை இளைஞர்களாக்கிப் புதிதாய்த் தொடங்குகிறது. கிறிஸ் பைன் கர்க்காகவும், சக்கரி குவின்டோ ஸ்பாக்காகவும், கார்ல் அர்பன் மெக்காயாகவும் நடித்தனர். மூவருள் அர்பனே பழைய பாத்திரத்தின் உயிரைப் பிடித்தவர் என்பது என் துணிபு. புதிதாய்ச் சேர்ந்தோரை ஏற்றிச் செல்லும் ஊர்தியில், மணமுறிவில் அனைத்தும் இழந்த மெக்காய், வந்து அமர்ந்த முகமறியாத கர்க்கிடம் வானப்பயணத்தின் கொடுமைகளைப் புலம்பித் தீர்த்துத் தம் மதுக்குப்பியை நீட்டுகிறார். போக்கிடமற்ற இருவர் அடுத்தடுத்த இருக்கையில்! ஊரைவிட்டு வேலைக்காக இரயிலேறிய எவர்க்கும் அந்த இருக்கை தெரிந்த இருக்கையே. ஒரே நிமிடத்தில் நட்பு முளைத்துவிடுகிறது. பின்னர்த் தண்டனை பெற்றுக் கலத்தில் ஏற இயலாத கர்க்குக்கு ஊசி போட்டு நோயாளியாக்கி, மருத்துவ விதியைக் காட்டி உள்ளே இழுத்துச் செல்கிறாரே, அதில் அம்முளை இலையும் விடுகிறது.

நட்பைப் படைக்கும் வித்தை இப்படத்தை எழுதியோர்க்குத் தெரியாதென்று ஆகவே சொல்ல முடியாது. தெரிந்தும் இடையிலே கைவிட்டனர். கர்க் கலத்தில் ஏறியபின் மருத்துவர் மெல்லப் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். அவருடைய இருக்கை இருவருக்குப் பங்கிடப்படுகிறது. ஸ்பாக்கின் மனத்தைத் தொடும் பணி உஹுராவுக்குச் செல்கிறது. கர்க்குக்கு வழிகாட்டும் பணி, எதிர்காலத்திலிருந்து வந்த முதிய ஸ்பாக்குக்குச் செல்கிறது.

உஹுராவைப் பற்றி நடுநிலையோடு பேச வேண்டும். பழைய தொடரில் நிஷெல் நிக்கல்ஸ், 1966-இலேயே ஒரு கறுப்பினப் பெண்ணை அதிகாரியாக அமெரிக்க வீடுகளுக்குள் அமர்த்தியவர். எனினும் பல வாரங்களில் செய்தித்தொடர்பு திறந்தது என்று அறிவிப்பதோடு அவர் பணி முடிந்துவிடும். ஜோயி சல்டானாவின் உஹுரா மொழிகள் பல கற்றவள்; தன் திறமையால் கலத்தில் இடம் கேட்டுப் பெறுபவள். இது முன்னேற்றமே. ஆனால் கதையின் நடுவில் அவளுக்குக் கிடைத்த இடம், மொழியறிஞர் என்பதனால் வந்ததைவிட ஸ்பாக்கின் காதலி என்பதனால் வந்ததே மிகுதி. சுலுவுக்கு ஒரு வாட்போர், செகாவுக்கு விழுவோரைக் கதிரால் இழுத்து மீட்கும் ஒரு சாகசம், ஸ்காட்டுக்கு நகைச்சுவை என்று எழுவர்க்கும் ஆளுக்கொரு படி அளந்து போட்டிருக்கிறார்கள். ரேஷன் கடையில் அது நியாயம். கதையில் சமநிலை என்பது வேறு. ஒருவர் நீங்கினால் மற்றவர் நிலை தடுமாற வேண்டும். முதற்படத்தின் பிற்பாதியில் மெக்காயை நீக்கிவிட்டாலும் கதை ஆடாமல் அசையாமல் நிற்கும். குறை அதுதான்.

முதிய ஸ்பாக்காக லியனார்ட் நிமோய் தோன்றியது பலர் கண்களைக் குளமாக்கியது, என்னையும் விட்டபாடில்லை. பனிக்குகையில் கர்க்கைக் கண்டு, தான் என்றும் அவன் நண்பனே என்று அவர் கூறும்போது நம் உள்ளம் பழைய தொடருக்கு ஓடிவிடுகிறது. கர்க்கின் நிலையை எண்ணிப் பாருங்கள். சற்று முன்தான் தன்னைக் கலத்திலிருந்து வெளியேற்றி இப்பனியில் எறிந்த ஒருவன், எதிர்காலத்தில் தன் உயிர்த்தோழன் ஆவான் என்னும் செய்தி அவனுக்கு வருகிறது. அலுவலகத்தில் உழல்வோர்க்கு ஓர் உவமை விளங்கும்: கீழிருந்து குறிப்பு எழுதப்படுவதற்கு முன்னரே மேலிருந்து ஒப்புதல் வந்துவிட்ட கோப்பு அது. பின்னர் எழுதப்படும் குறிப்புகள் வெறும் சடங்கு.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயிருந்தனரே, நட்புக்குப் பழகிய நாள் எதற்கு என்று அன்பர் எவரேனும் வினவலாம். வினா தகுந்ததே. வடக்கிருந்த சோழன், ஆந்தையார் வருவாரென்று தன்னருகே இடம் ஒதுக்கச் சொன்னான்; அவரும் வந்தார். காணாத நட்பு என்றாலும் அது அவ்விருவரும் தாமே விரும்பி வளர்த்தது. வருவார் என்பது சோழனின் நம்பிக்கை. கர்க்குக்குக் கிடைத்ததோ முன்னறிவிப்பு. நம்பிக்கையில் ஏமாறும் வாய்ப்பு உண்டு. அதனாலேயே அதற்கு மதிப்பு. இதனைப் படமும் உணர்ந்திருக்கிறது என்பது வியப்பு. இறுதியில் முதிய ஸ்பாக் இளைய ஸ்பாக்கிடம், நட்பைத் தாமே கண்டறியும் பேற்றை உங்களிடமிருந்து பறிக்க விரும்பவில்லை என்னும் பொருள்படப் பேசுகிறார். ஐயா, கர்க்கிடம் அதனைத்தானே பறித்தீர்!

2013-இல் வந்த 'இன்டு டார்க்னஸ்' இக்கடனை வட்டியுடன் பெருக்கியது. அதன் தொடக்கம் அருமையானது. எரிமலைக்குள் சிக்கிய ஸ்பாக்கைக் காப்பாற்றக் கர்க் விதியை மீறுகிறான். மீறியதை அறிக்கையில் மறைக்கிறான். ஸ்பாக்கோ தன் அறிக்கையில் உண்மையை எழுதிவிடுகிறான், கர்க் பதவியிழக்கிறான். உயிர் காத்தவனுக்கு உண்மையால் தீங்கு செய்த நண்பன்! இதனைவிடச் சிறந்த நட்புச்சிக்கல் வேறென்ன வேண்டும்? இங்கே இருவர்க்கும் இடையில் நின்று இருவரையும் திட்டத்தக்கவர் மருத்துவர் ஒருவரே. அக்காட்சி எழுதப்படவில்லை. கதை கான் என்னும் பகைவன் பின்னால் ஓடிவிடுகிறது.

முடிவில் கதிரியக்கம் பாய்ந்த அறைக்குள் கர்க் இறக்கிறான். கண்ணாடிக்கு இப்புறம் ஸ்பாக் கதறுகிறான். இது 1982-இல் வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்தின் காட்சி; அங்கே இறந்தவன் ஸ்பாக், இங்கே கர்க். அன்று அக்கண்ணாடியின் இருபுறமும் பதினாறு ஆண்டுப் பழக்கம் நின்றது. இங்கே கதைக்கணக்கில் ஏறத்தாழ ஓராண்டு. அதிலும் பாதி பூசல். குவின்டோ நன்றாகவே நடிக்கிறார். ஆனால் அக்கண்ணீர் மூத்தோரிடம் கைமாற்றாய்ப் பெற்ற கண்ணீர். அன்று இறந்த ஸ்பாக்கை மீட்க 1984-இல் தனியே ஒரு படம் வேண்டியிருந்தது. இங்கே கானின் குருதியை மெக்காய் ஏற்ற, சில நிமிடங்களில் கர்க் கண் விழிக்கிறான். இடித்துரைக்கும் தோழர் மருந்து கொடுப்பவராய்ச் சுருங்கிப்போன இடம் இது.

இந்நிலையில் மூன்றாம் படத்தை நான் பெரிதும் எதிர்பார்க்கவில்லை. ஜஸ்டின் லின் இயக்கி, சைமன் பெக்கும் டக் யுங்கும் எழுதிய 'ஸ்டார் டிரெக் பியாண்ட்' 2016-இல் வந்தது. அது செய்த முதல் நற்செயல் கலத்தை உடைத்ததுதான். எழுவரும் அறியாத கோளொன்றில் சிதறி விழுகின்றனர்: கர்க் செகாவுடன், உஹுரா சுலுவுடன், ஸ்காட் அக்கோளில் வாழும் ஜேலா என்னும் பெண்ணுடன், ஸ்பாக் மெக்காயுடன். இவ்விணைப்பிலேயே எழுத்தாளரின் அறிவு தெரிகிறது.

ஸ்பாக்கின் விலாவில் உலோகத்துண்டு பாய்ந்திருக்கிறது. உனக்குப் பிடித்த நிறம் எது என்று மெக்காய் கேட்கிறார். இவ்வினாவின் தொடர்பு விளங்கவில்லையே என்று அவன் யோசிக்கும் நொடியில் துண்டைப் பிடுங்கிவிடுகிறார். முதிய ஸ்பாக் மறைந்த செய்தியையும், தான் பணியிலிருந்து விலகித் தன் இனத்தாரிடம் செல்ல எண்ணுவதையும் ஸ்பாக் சொல்வது மருத்துவரிடமே, கர்க்கிடம் அன்று. கர்க்கும் தன் கலத்தை விட்டு வேறு பதவிக்குச் செல்ல எண்ணி, அதை ஸ்பாக்கிடம் மறைத்திருக்கிறான். இரு நண்பர் ஒருவர்க்கொருவர் சொல்லாத ஒன்றை மூன்றாமவர் முன்தான் நாம் அறிகிறோம். அம்முக்கோணம் மீண்டுவிட்டது! பின்னர்த் தன் மதிப்பை வெளிப்படையாகச் சொல்ல ஸ்பாக் முற்படும்போது, சொல்ல வேண்டியதில்லை என்று மெக்காய் தடுத்துவிடுகிறார். இறுதிப்பதிவைக் கேட்கவில்லை என்று 1968-இல் இருவரும் சொன்ன பொய்யும் இத்தடையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்படத்திலும் குறைகள் உண்டு. பகைவன் கிராலின் சினத்துக்குரிய காரணம் மிகத் தாமதமாய் வருகிறது. உஹுராவுக்கு உரிய இடம் இதிலும் முழுமையாய் வாய்க்கவில்லை. முதிய ஸ்பாக் விட்டுச்சென்ற பேழையில் எழுவரும் முதுமையில் ஒன்றாய் நிற்கும் ஒளிப்படத்தைக் கண்டபின் இளைய ஸ்பாக் கலத்திலேயே தங்குகிறான். இதுவும் எதிர்காலத்திலிருந்து வந்த சான்றுதானே என்று வழக்காடலாம். நான் வழக்காட மாட்டேன். இம்முறை ஒப்புதல், குறிப்பு எழுதிய பின்னரே வந்திருக்கிறது. நிமோய் 2015 பிப்ரவரியில் மறைந்துவிட்டார் என்பதும் அப்படத்தைக் காணும்போது நினைவில் நிற்கிறது.

கர்க் தன் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பாதவன். அவன் பிறந்த நாளே தந்தை இறந்த நாள். படத்தின் தொடக்கத்தில் அதை அறிந்து, மெக்காய் தனியே ஒரு குப்பியுடன் வந்து அவனோடு அமர்கிறார். விழா வேண்டாமென்கிறான், அவரும் தலையசைக்கிறார். படத்தின் முடிவில் அனைவரையும் கூட்டி விழா எடுத்து வைத்திருக்கிறார் அதே மனிதர். அங்கே கர்க் கோப்பையை உயர்த்தி, உடனில்லாத நண்பர்களுக்காக என்கிறான். செகாவாக நடித்த ஆண்டன் யெல்சின் அக்கூட்டத்தில் நிற்கிறார். படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2016 ஜூனில், 27 வயதில் விபத்தில் இறந்துபோனவர். இதை என் மகளிடம் சொன்னேன். படத்தைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டி, அவர் நிற்கும் இடத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தாள்.