கூலி நியாயம், பூட்டு நியாயமில்லை

போன ஆவணியில், ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை, என் 24-70 லென்ஸ் மக்கர் செய்தது. எஃப் 2.8-ல் எடுத்தால் படம் விழும். குழுப் படத்துக்காக 5.6-க்குக் கொண்டுபோனால் கேமரா பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ஜூமைக் கொஞ்சம் திருப்பினால் மறுபடி உயிர் வரும். போட்டோ தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த அறிகுறி போதும்: உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அப்பெர்ச்சருக்குப் போகும் ரிப்பன் அறுந்திருக்கிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட், லென்ஸை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ரிப்பனை மட்டும் மாற்ற மாட்டார்களாம். அப்பெர்ச்சர் யூனிட்டையே மாற்றுவார்களாம். உதிரி பாகத்தை விலைக்குக் கேட்டேன். வெளியே விற்பதில்லை என்றார்கள்.

இந்த விலை நியாயம்தானா? கொள்ளை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எங்கள் வட்டாரத்தில் வழக்கம். எனக்கு அது போதவில்லை. அந்த பில்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

முதலில் கம்பெனியின் தரப்பு. அது லேசானதல்ல. ஒரு ஜூம் லென்ஸுக்குள் பதினைந்து இருபது கண்ணாடிகள் தொகுதி தொகுதியாக உட்கார்ந்திருக்கின்றன. சில தொகுதிகளுக்கு அடியில் காகிதம்போல மெல்லிய வளையங்கள் வைத்துச் சாய்வைச் சரிசெய்திருப்பார்கள். பிரித்தவர் அவற்றை இடம் மாற்றி வைத்தால் போதும், படத்தின் ஒரு ஓரம் மங்கிவிடும். அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிக்காலா, லென்ஸ்களைத் திருகு திருகாகப் பிரித்துக் காட்டி வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். ஒரே மாடலில் இரண்டு லென்ஸ்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாததை அளவைக் கருவியில் வைத்துத்தான் சரிசெய்ய முடியும் என்பதை அவர் எழுதியவற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தக் கருவிக்கும், அதில் பழகிய கைக்கும் கூலி கூடத்தான் இருக்கும். நான் ஒரு நாள் கல்யாணத்துக்கு வாங்கும் தொகையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதிகமாகத்தான் தெரியும்.

ஆனால் பாகத்தை விற்க மறுப்பது கூலி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. 2012-ல் அமெரிக்காவில் நிக்கான், தன் அங்கீகாரம் பெறாத பழுதுக் கடைகளுக்கு உதிரி பாகம் விற்பதை நிறுத்தியது. தொழில்நுட்பம் சிக்கலாகிவிட்டது, தனிக் கருவிகள் வேண்டும் என்பது அப்போது சொன்ன காரணம். சரி, அங்கீகாரம் பெற்ற கடைகளாவது தப்பித்தனவா? 2020 மார்ச்சோடு அந்த ஏற்பாட்டையும் முடித்துக்கொண்டது. அங்கீகாரம் கொடுத்தபோது தகுதியானவையாகத் தெரிந்த கடைகள்தான் அவையும். திறமைதான் காரணம் என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை அங்கே உடைந்துவிட்டது. 2021-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், பழுது பார்ப்பதைக் கட்டுப்படுத்த உற்பத்தியாளர்கள் சொல்லும் காரணங்களைப் பரிசீலித்து, அவற்றுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்று அறிக்கை கொடுத்தது.

நம் நாட்டிலும் இந்த வழக்கு ஒருமுறை நடந்திருக்கிறது, கார் விஷயத்தில். உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சில கம்பெனிகளுக்குத் தொகை குறைந்தது. ஆனாலும் ஆணையம் சொன்ன நியாயம் முக்கியம்: வண்டியை விற்றதோடு, அது பழுதானால் யாரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்து விற்க முடியாது. லென்ஸுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது?

கல்யாணப் போட்டோகிராபருக்குப் பழுது என்பது எப்போதோ வரும் விபத்துச் செலவும் அல்ல. கேனான் 5டி மார்க் 4 கேமராவின் ஷட்டருக்கு நிறுவனமே குறிப்பிடும் ஆயுள் 1,50,000 படங்கள். ஒரு கல்யாணத்துக்கு 3,000 என்று வைத்தால் 50 கல்யாணம். ஆட்டோவுக்கு டயர் எப்படியோ, எங்களுக்கு ஷட்டர் அப்படி. தேய்வதற்கென்றே உள்ள பாகம் ஒரே ஒரு அலமாரியில் பூட்டிக் கிடந்தால், சாவி வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை.

என் லென்ஸ் கதை பாக்கியிருக்கிறது. எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த கேமரா மெக்கானிக் அண்ணனிடம் போனேன். கீழே விழுந்து கண்ணாடி உடைந்த அதே மாடல் லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. அதிலிருந்து ரிப்பனை எடுத்துப் போட்டார். அறுந்ததை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்: சுண்டுவிரல் நக அகலம்கூட இல்லாத, தேன் நிறப் பட்டை. ஜூம் திருப்பும்போதெல்லாம் மடங்கி விரியும் இடத்தில் ஒரு மயிரிழைக் கீறல், அதில் இரண்டு செப்புக் கோடுகள் அறுபட்டிருந்தன. “இதுக்குத்தான் தம்பி இவ்ளோ பாடு” என்றார். அப்பெர்ச்சர் சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து சுவரில் செய்தித்தாள் ஒட்டி எடுத்துப் பார்த்தேன். வலது ஓரத்தில் எழுத்து கலங்கியிருந்தது. குறை அவர் கையில் இல்லை. சரிபார்க்கும் கருவி அவரிடம் இல்லை, எந்த வளையம் எங்கே என்று சொல்லும் சர்வீஸ் மேனுவலும் அவருக்குக் கிடைப்பதில்லை. வெளியாட்கள் லென்ஸைக் கெடுத்துவிடுவார்கள் என்று கம்பெனி சொல்வது உண்மைதான். அந்த உண்மையை உண்டாக்குவதில் கம்பெனிக்கும் பங்கு இருக்கிறது.

அதனால் என் தீர்ப்பு இது. அளவெடுத்துச் சரிசெய்யும் வேலைக்குக் கேட்கும் கூலி நியாயம். அதைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். பட்டை அறுந்ததற்கு யூனிட்டையே மாற்றச் சொல்வதும், பாகத்தையும் மேனுவலையும் பூட்டி வைப்பதும் நியாயமில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளம் செல்போன், மின்னணுப் பொருள், வண்டி, விவசாயக் கருவி எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறது. தகவல் தருவதோடு நிற்காமல், பாகத்தை விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரும்வரை எங்கள் பில் குறையாது.

வலது ஓரத்தை மட்டும் சரிசெய்து கொடுங்கள், கேட்ட கூலியைத் தருகிறேன் என்று அதே சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போனேன். வெளியே திறந்த லென்ஸைத் தொட மாட்டோம் என்றார்கள். இப்போது மணமேடையில் குழுப் படம் எடுக்கும்போது, தாத்தா பாட்டிகளை நடுவுக்கு வரச் சொல்கிறேன். வலது ஓரத்தில் யாரும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.