காகம் வகுத்த நெறி

மெல்போர்ன் நகரம் எழுந்து நிற்கும் மண் கூலின் மக்களின் மண். அவர்தம் கதையில், பெண்கள் எழுவர் தோண்டுகோல் நுனியில் காத்த நெருப்பை 'வாங்' என்னும் காகம் சூழ்ச்சியால் கவர்கிறது. தீயிலே கருகி அதன் இறகு கருமையாகிறது. எழுவரும் வானிலே கார்த்திகை மீன்களாகின்றனர்.

திருடிய பறவைதானே? ஆயினும் மக்களில் ஒரு பாதியினர் அதன் பெயரையே தம் பெயராகக் கொண்டனர். மறுபாதியினர் 'புஞ்சில்' என்னும் கழுகின் பெயரை! காகத்தார் காகத்தாரை மணத்தல் ஆகாது. கழுகினரையே மணத்தல் வேண்டும். 1904-இல் ஹோவிட் தம் நூலில் இப்பிரிவுகளைப் பதிந்தார்.

கதையை மட்டும் படித்து, நெறியை மறந்து, 'குழந்தைக் கதை' என்று ஒதுக்கும் திறனாய்வை நாம் ஏற்பதற்கில்லை. கதை குழந்தைத்தனம் என்றால், சொன்னவரும் குழந்தைகள் என்றாகிவிடும். அந்த நினைப்பின் விளைவென்ன? 1869-இல் விக்டோரியா ஆட்சி இயற்றிய சட்டம், அம்மக்கள் எங்கு வாழ்வது, அவர்தம் பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதையும் ஆட்சியினர் கையில் ஒப்படைத்தது!

காகம் நெருப்பைத் திருடிற்று என்பதை நாம் நம்பவில்லை. கருமையை இழிவாக்காத உள்ளத்தை, பிரிவைச் சுவராக்காது பாலமாக்கிய அறிவைப் போற்றுகிறோம். குழந்தைகள் யார், தோழர்களே? கதை சொன்னவரா? அதைப் படிக்கத் தெரியாதவரா?